பாலிகைக்கு வந்த மண்

மாமாங்கம் மட்டக்களப்பில் பஸ் கண்டக்டராக இருந்தவர். டிக்கெற் எடுக்காமல் அவருடைய பஸ்ஸில் ஒரு கோழி கூட ஏறி இறங்கியதில்லை என்று ஊரில் பகிடி விடுவார்கள். கல்முனைப் பாதையில் ஒருநாள் சொந்த மாமனாரையே நடுவழியில் இறக்கிவிட்டவர். அதற்காக மனைவி தெய்வநாயகி ஒரு கிழமையாக முகங்கொடுத்துப் பேசவில்லை. "சட்டம் எண்டாச் சட்டம்தான்கா" என்று சொல்லிவிட்டு, மனுஷன் தானே ஆணம் காய்ச்சிச் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தார்.

இப்படிப்பட்டவருக்கு ரொறன்ரோவில் என்ன வேலை கிடைக்கும்? படலையில், அதுதான் வாசல் கேற்றில், நிற்கிற வேலைதான். செக்கியூரிற்றி உடுப்பு, இடுப்பில் ஒரு வோக்கிரோக்கி, கதிரை போட ஒரு சின்னக் கொட்டில். ஆனால் அவர் காவல் காத்தது கடையையோ களஞ்சியத்தையோ அல்ல, மண்ணை!

தொண்ணூறுகளின் நடுவில் மல்வேர்ன் பக்கம் சில வீட்டு வளவுகளை அரசாங்கம் தோண்டி அள்ளியது. உலகப் போர்க்காலத்தில் அது தோட்டக் காணியாக இருந்தபோது, இருட்டில் மின்னுவதற்காக ரேடியம் பூசிய கருவிகளை யாரோ அங்கே உடைத்துப் பிரித்தார்களாம். ரேடியம் மண்ணோடு மண்ணாகக் கிடக்க, மேலே வீடுகள் எழும்பிவிட்டன. இப்போது அந்த மண்ணை லொறி லொறியாக ஏற்றிவந்து ஒரு வேலிக்குள் கொட்டி, ஒரு யந்திரத்தில் ஓடவிட்டு, அளந்து மூன்றாகப் பிரித்தார்கள். மாமாங்கம் அவற்றுக்குத் தன் பாட்டில் பெயர் வைத்திருந்தார்: நல்ல மண், நடு மண், பொல்லாத மண். நல்ல மண் எங்கேயும் போகலாம். நடு மண்ணில் கொஞ்சம் கலப்பு உண்டு. தொழிற்சாலைக் காணிகளில் ரோட்டுக்கு அடியில் போடலாம் என்று சட்டம் விட்டிருந்தது. பொல்லாத மண்ணைப் பீப்பாவில் அடைத்துப் பூட்டி, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்னும் பெரியவர்கள் கூடிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு சட்டம் இருந்தது. அளந்து பதியாமல் ஒரு பிடி மண்ணும் படலை தாண்டக் கூடாது. வெளியே போகிற ஒவ்வொருவனுடைய சப்பாத்தையும் தட்டி, தூரிகையால் உரஞ்சி, கதிர்வீச்சு அளக்கிற மீற்றரைப் பிடித்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். மாமாங்கம் அதை எப்படிச் செய்தார் என்கிறீர்கள்! மண் அளக்கிற அதிகாரி பேர்ணடெற், கியூபெக் பக்கத்து மனுஷி, அங்கே எல்லாருக்கும் மேலே. அவரையே ஒருநாள் இரண்டாந்தரம் சப்பாத்து உரஞ்ச வைத்தார். அவர் சிரித்துக்கொண்டு, உன்னைப் போல நாலு பேர் இருந்தால் எனக்கு நித்திரை வரும் என்றார். அதை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாமாங்கத்துக்குத் தலைகால் தெரியவில்லை.

அந்த மனிதர்தான் மண் கடத்தினார்.

கதையின் அடுத்த ஆள் இராஜரட்ணம். யாழ்ப்பாணத்தார், அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடைக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற வான் ஓட்டுபவர். மாமாங்கமும் தெய்வநாயகியும் ஒரு மார்கழியில் அகதி என்று வந்து இறங்கியபோது, மேலில் ஒழுங்கான கோட்டுமில்லை, போவதற்கு இடமுமில்லை. முன்பின் தெரியாத இராஜரட்ணம் இருவரையும் தன் வீட்டு பேஸ்மென்றுக்குள் வைத்து, மேல்மாடியில் சமைத்த கறி எல்லாவற்றிலும் ஒரு பங்கு படியால் இறக்கி, வக்கீலிடமும் தானே கூட்டிப் போனார். "மட்டக்களப்பார் மந்திரம் போட்டு, வந்த ஆக்களைப் போகவிடாமல் பாயோட ஒட்ட வைச்சிடுவினம் எண்டு கேள்விப்பட்டன். இப்ப பாரும், நீர் எங்களை உம்மோட ஒட்ட வைச்சிட்டீர்" என்று இராஜரட்ணம் பகிடி விட, மாமாங்கம் வாய் நிறையச் சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. எப்போதும் வாங்குகிற கையாகவே இருக்கிறோமே, ஒருநாளாவது இந்த மனுஷனுக்கு ஒன்று கொடுக்கக் கிடைக்காதா என்ற யோசனை.

இராஜரட்ணத்தின் மகள் நிரூபாவுக்குக் கல்யாணம் பேசி முற்றாகி, தை மாதத்தில் முகூர்த்தம் வைத்தார்கள். மாப்பிள்ளை ராகுலன், நல்ல பெடியன். மண்டபம் பிடித்தாயிற்று, கூறை வந்தாயிற்று, தாலிக்குப் பொன்னுருக்க நாள் குறித்தாயிற்று. அன்றைக்குத்தான் முளைப்பாலிகை போட வேண்டும். சட்டிகளில் மண் நிரப்பி, நவதானியம் தூவி, சுமங்கலிகள் பாலும் தண்ணீரும் தெளிப்பார்கள். பயிர் எவ்வளவு செழிக்கிறதோ அவ்வளவுக்குப் பெண்ணின் வயிறும் வாழ்வும் செழிக்கும் என்பது நம்பிக்கை. எல்லாம் சரி, ரொறன்ரோவின் தை மாதத்தில் மண்ணுக்கு எங்கே போவது?

இராஜரட்ணத்தின் மனைவி யோகமலர் எங்கேயோ தேடி ஒரு சின்னப் பை வாங்கி வந்திருந்தாள். அதை வெட்டிக் கொட்டிவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"இஞ்ச பாருங்கோ, இது மண்ணோ இல்லாட்டித் தேயிலைச் சக்கையோ? வெள்ளை வெள்ளையா, பெட்டிக்குள்ள அடைக்கிற ரெஜிபோம் துண்டும் கிடக்கு."

ஐயரிடம் போன் போட்டுக் கேட்டார்கள். "சட்டிக்குள்ள பூமாதேவியை வைக்கிறம் அம்மா, கடைச் சரக்கை இல்லை" என்று சொல்லிவிட்டார். இராஜரட்ணம் அலவாங்கை எடுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போனார். பனியை ஒதுக்கி ஓங்கிக் குத்தினால் கல்லில் குத்தினாற்போல அலவாங்கு திரும்பி வந்தது. உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். உள்ளே வந்து கையைப் பார்த்துக்கொண்டு சோபாவில் இருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் மாமாங்கத்தின் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணன், மண் என்ட பொறுப்பு."

"இந்த விறைப்புக்குள்ள எங்கையப்பா எடுப்பீர்?"

"அத விடுங்க. கண்டக்டர் சொன்னா பஸ் வரும்."

மறுநாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், மாமாங்கம் ஒரு ஐஸ்கிரீம் வாளியோடு வேலிக்குள் நடந்தார். நல்ல மண் குவியலில்தான் எடுப்பது என்று சத்தியமாக நினைத்திருந்தார். ஆனால் அந்தக் குவியல் மூடாமல் கிடந்து, பனி விழுந்து இறுகிப் போயிருந்தது. மண்வெட்டி கிளங்கென்றது. பக்கத்தில் நடு மண், வைக்கோலும் கறுப்புப் படங்கும் போட்டு மூடிய குவியல். படங்கின் மூலையைத் தூக்கிக் கையை விட்டார். மெத்தென்று இருந்தது. முதல் மழை விழுந்த வளவின் மணம் மூக்கில் ஏறியது. அரசாங்கமே ரோட்டுக்கு அடியில் போடலாம் என்று விட்ட மண்தானே, நல்ல மண்ணுக்கும் நடு மண்ணுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வாளியை நிரப்பினார்.

கொட்டிலில் மீற்றர் ஆணியில் தொங்கியது. வாளியை அதற்குக் கிட்டக் கொண்டுபோனால் போதும், உள்ளதைச் சொல்லிவிடும். கடகடவென்று அடித்தால் மண்ணைக் கொட்ட வேண்டியதுதான். கொட்டினால் வெறுங்கையோடு இராஜரட்ணத்தின் முன்னால் நிற்க வேண்டும். மாமாங்கம் கொஞ்ச நேரம் மீற்றரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் ஜாக்கெற்றைக் கழற்றி அதன் மேல் கொழுவினார். வேலை முடிந்து வெளிக்கிடும்போது ஜாக்கெற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வாளியைச் சாப்பாட்டுப் பையில் வைத்து, பஸ் ஏறி வந்து சேர்ந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, பாலிகை அமோகமாக முளைத்தது. மணவறைக்குப் பக்கத்தில் பச்சைப் பசேலென்று நின்ற சட்டிகளைப் பார்த்து, "இஞ்ச வந்து இப்பிடி முளைச்சு நான் காணேல்லை" என்று ஐயரே வியந்தார். இராஜரட்ணம் சனத்துக்கு நடுவில் மாமாங்கத்தின் தோளில் கை போட்டு, "மண் தந்தது இவர்தான்" என்றார். மாமாங்கம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நின்றார். பந்தியில் இருந்தபோது மட்டும் பாயசம் இறங்கவில்லை. இனிப்புக் கூடிப்போச்சு என்று மனைவியிடம் சொன்னார்.

பாலிகையை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். தண்ணீரெல்லாம் உறைந்து கிடந்தது. யோகமலர் யோசித்தாள், இராசியான மண்ணைக் குப்பையில் கொட்டவும் மனம் வரவில்லை. ஒரு பெரிய பூச்சாடிக்குள் அந்த மண்ணைப் போட்டு, தன் கறிவேப்பிலைக் கன்றொன்றை நட்டு மகளோடு அனுப்பிவிட்டாள். மல்வேர்னில் ஒரு உயர்ந்த கட்டிடத்தில் நிரூபாவும் ராகுலனும் குடியிருந்தார்கள். சாடி அவர்களுடைய யன்னலோரத்தில் ஏறி உட்கார்ந்தது. மாமாங்கத்துக்கு இது ஒன்றும் தெரியாது. மண் எப்போதோ போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, படலையில் மற்றவர்களின் சப்பாத்தை முன்னையிலும் மோசமாக உரஞ்ச வைத்துக்கொண்டிருந்தார்.

பனி கரைந்த பிறகு, நிரூபா முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. தெய்வநாயகி மாங்காய்ச் சம்பல் அரைத்து, கீரை கடைந்து எடுத்துக்கொண்டு கணவரையும் இழுத்துக்கொண்டு பார்க்கப் போனாள். யோகமலரும் அங்கே இருந்தாள். சம்பலை ஒரு வாய் வைத்துவிட்டு நிரூபா தட்டைத் தள்ளினாள்.

"சொறி அன்ரி. ஒண்டும் பிடிக்குதில்லை."

"உவளுக்குப் பிடிக்கிறது வேற," என்று யோகமலர் சிரித்தாள். "சாடிக்குள்ள கிடக்கிற மண்ணைக் கிள்ளிக் கிள்ளித் தின்னுறாள். கையும் களவுமாப் பிடிச்சிட்டன். நானும் உவளை வயித்தில வைச்சுக்கொண்டு சுவர்க் கட்டியைச் சுரண்டித் திண்டனான்தானே."

"அம்மா! ஏன் எல்லாருக்கும் சொல்றியள்?" நிரூபாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கொஞ்சமாத்தான் அன்ரி. தண்ணி ஊத்தினால் அப்பிடி ஒரு வாசம். ஐ கான்ற் ஸ்டொப்."

"எந்தச் சாடி புள்ள?" என்று மாமாங்கம் கேட்டார்.

"நீங்கள் தந்த மண்தான் அங்கிள். பாலிகை மண். வேஸ்ற் பண்ணக் கூடாதெண்டு அம்மா அதுக்குள்ள போட்டவ."

மாமாங்கம் யன்னலைப் பார்த்தார். கறிவேப்பிலை தளதளவென்று நின்றது. அதன் அடியில் விரல் கிள்ளிய குழிகள். ஐயோ, அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்கலாம். "தின்னாத புள்ள" என்று இரண்டு சொல், அவ்வளவுதான். யோகமலர் சிரித்துக்கொண்டிருந்தாள், தெய்வநாயகியும் சிரித்தாள். மாமாங்கமும் சிரித்தார்.

அதன்பின் அவர் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல? வேலையில் பேர்ணடெற்றிடம் சும்மா கேட்பதுபோல, இந்த நடு மண் ஒரு ஆளுடைய உடம்புக்குள் போனால் என்ன நடக்கும் என்று கேட்டார். பேர்ணடெற் நெற்றியைச் சுருக்கினார். ரேடியம் உள்ளே போனால் உடம்பு அதைச் சுண்ணாம்பு என்று நினைத்து எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைக்கும் என்றார். பிறகு சிரித்து, "ஆனால் மண்ணை யார் தின்னப் போகிறார்கள்?" என்றார். மாமாங்கம் ஓமென்று தலையாட்டிவிட்டுக் கொட்டிலுக்குப் போனார்.

கடையில் ஒரு பெரிய பை மண் வாங்கிக்கொண்டு நிரூபா வீட்டுக்குப் போனார்.

"புள்ள, அந்தச் சாடிய மாத்தித் தாறன். பழைய மண்ணில சத்திருக்காது."

"வேண்டாம் அங்கிள், அது லக்கி மண். அதோட, உந்தக் கடை மண்ணில வாசமே இல்லை."

"வாசம் என்னத்துக்குப் புள்ள..." என்று இழுத்தார். அவள் தேத்தண்ணி போட எழும்பினாள். இப்போது சாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் என்ன என்றுகூட நினைத்தார். தேத்தண்ணி வந்தது, குடித்தார், பையைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். படலையைக் காக்கத் தெரிந்த மனுஷனுக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை பாருங்கள்!

சில கிழமை போயிற்று. சோறு குறைந்தது, நித்திரை இல்லை. ஒருநாள் விடியச் சேர்ட் போட்டவர் பொத்தான் பூட்டாமல் கட்டிலில் அப்படியே இருந்தார். தெய்வநாயகி வந்து முன்னால் நின்றாள்.

"என்னெண்டு சொல்லாம இண்டைக்கு நீங்க வேலைக்குப் போகேலாது."

சொன்னார். வாளி, படங்கு, ஜாக்கெற், எல்லாம் சொன்னார். அவள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை.

"என்ட அப்பாவ நடுவழியில இறக்கின ஆளெல்லோ நீங்க?" என்றாள். "உங்கட சட்டம் அவருக்கு மட்டும்தானா? வேலை போனாப் போகட்டும். அந்தப் புள்ள இப்பவும் கிள்ளித் தின்னுதோ தெரியா. எழும்புங்க! முதல்ல அதுக்குப் போன் எடுங்க."

நிரூபாவுக்கு அவளே போனைச் சுழற்றி, இனிச் சாடியைத் தொடாதே, காரணத்தை அங்கிள் வந்து சொல்வார் என்றாள். மாமாங்கம் வேலைக்குப் போய் பேர்ணடெற்றின் மேசைக்கு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். பேர்ணடெற் முதலில் நம்பவில்லை. பிறகு அவருடைய முகத்தில் வந்தது கோபமா கவலையா என்று மாமாங்கத்துக்குத் தெரியவில்லை. "நீயா?" என்று மட்டும் கேட்டார். மீற்றரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

நிரூபா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். யோகமலர் சுவரோடு சாய்ந்து நின்றாள். ராகுலன் மனைவியின் கையைப் பிடித்திருந்தான். பேர்ணடெற் கதவடியில், அடுப்படியில், கட்டிலடியில் எல்லாம் மீற்றரைப் பிடித்துக் காட்டினார். டிக்... டிக்... என்று சோம்பலாக அடித்தது. யன்னலோரம் கொண்டுபோனார். டிக்டிக், டிக்டிக் என்றது. பெரிய சத்தமில்லை. ஆனால் வித்தியாசம் எல்லாருடைய காதிலும் விழுந்தது.

இது கூடாத அளவோ என்று ராகுலன் கேட்டான். பேர்ணடெற் மீற்றரை நிறுத்தினார். இந்த மண் ரோட்டுக்கு அடியில் கிடக்கலாம், அதற்கு ஒரு இலக்கம் சட்டத்தில் உண்டு என்றார். லொறியில் போவதற்கு ஒரு இலக்கம், வீட்டு வளவில் கிடப்பதற்கு ஒரு இலக்கம் உண்டு. "பிள்ளைத்தாச்சி தின்பதற்கு யாரும் இலக்கம் எழுதவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை." கிள்ளியது கொஞ்சம், பெரும்பாலும் ஒன்றும் வராது, எலும்பு, பல் எல்லாம் டொக்டர்மார் பரிசோதிப்பார்கள் என்றார். பெரும்பாலும் என்ற அந்தச் சொல்லை அவர் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு கறிவேப்பிலையோடு சாடியைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார்.

இராஜரட்ணம் இப்போது முன்னால் வந்தார். ஏசுவார், கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார் என்று மாமாங்கம் காத்திருந்தார். தள்ளினால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இராஜரட்ணம் பேர்ணடெற்றின் கையிலிருந்த மீற்றரைக் காட்டினார்.

"உந்தச் சாமான் அண்டைக்கு உம்மட கொட்டிலுக்குள்ளதானே இருந்தது?"

"ஓம் அண்ணன்."

"ஒருக்காப் பிடிச்சுப் பார்த்திருக்கலாமே."

மாமாங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குச் சொல்லப் பதில் இருந்தது. பிடித்துப் பார்த்தால் வெறுங்கையோடு உங்கள் முன்னால் நிற்க வேண்டி வரும் என்று பயந்தேன் அண்ணன். அதை இப்போது எந்த வாயால் சொல்வது?

வேலை அன்றே போயிற்று. அது போனதில் அவருக்குக் கவலை இருக்கவில்லை. பிறகு ஒரு பெட்டி மடிக்கிற தொழிற்சாலையில் சேர்ந்தார். டொக்டர்மார் சோதித்துச் சோதித்து, எங்களுக்குத் தெரிந்த மட்டில் ஒன்றுமில்லை என்றார்கள். மரங்கள் இலை கொட்டுகிற நாளில் நிரூபாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நிலக்சி என்று பெயர் வைத்தார்கள். கொழுகொழுவென்று, குறையொன்றுமில்லாத பிள்ளை. தெய்வநாயகி பிள்ளை பெற்ற உடம்புக்குக் காயச் சரக்கு இடித்துக் கொடுத்துவிட்டாள். இராஜரட்ணம் அதை வாங்கி வைத்துக்கொண்டார். மாமாங்கம் எப்படி என்று மட்டும் கேட்கவில்லை.

மாமாங்கம் நிரூபாவுக்குப் போன் எடுப்பார். ஒரே கேள்விதான். "புள்ள எப்படி?" சுகம் என்பாள். காய்ச்சல் கீய்ச்சல்? இல்லை அங்கிள். பால் குடிக்குதா? ஓம் அங்கிள். வைத்துவிட்டு, தொழிற்சாலையில் ஒரு பொழுது நிம்மதியாகப் பெட்டி மடிப்பார். பொழுது சாய மறுபடியும் அந்தப் பயம் வரும். போனை எடுப்பார். போகப்போக நிரூபாவின் "சுகம்" கட்டையாகிக்கொண்டு வந்தது.

அடுத்த வருஷம் பிள்ளைக்குப் பல் முளைத்து, பல்லுக்கொழுக்கட்டை கொட்ட அழைத்தாள். இராஜரட்ணம் சம்மதித்தாரோ தெரியாது, நிரூபாதான் அழைத்தாள். தெய்வநாயகியும் மாமாங்கமும் போய்ப் பின்னால் நின்றார்கள். நிலத்தில் வெள்ளை விரித்து, பிள்ளையை இருத்தி, தலைக்கு மேல் துணி பிடித்து, யோகமலர் கொழுக்கட்டையைச் சொரிந்தாள். பிள்ளைக்கு முன்னால் புத்தகம், பேனை, சங்கிலி எல்லாம் பரப்பி, எதை எடுக்கப் போகிறாள் என்று சனம் ஆரவாரப்பட்டது. நிலக்சி பேனையை எடுத்து வாய்க்குள் வைத்தாள். ஒரே சிரிப்பு.

பிறகு பிள்ளை கை மாறிக் கை மாறி வந்தது. இராஜரட்ணத்தின் கையிலிருந்து அடுத்தது மாமாங்கம். ஒரு கணம் தயங்கிவிட்டு, மனுஷன் நீட்டினார். மாமாங்கம் வாங்கினார். பிள்ளை அவருடைய மூக்கைப் பிடித்தது. அவர் கொஞ்சுவதுபோல முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், ஒரு விரலால் அதன் கீழுதட்டை மெதுவாக இறக்கினார். குனிந்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, அந்தச் சின்னப் பல்லைப் பார்த்தார். "பாருங்கோவன், அங்கிளுக்குப் பல்லைக் காட்டுறாள்" என்று யாரோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நிரூபா சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"வெள்ளைதான் அங்கிள். நானும் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி அதைத்தான் பார்க்கிறன்."

மாமாங்கம் விரலை எடுத்தார். பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, சப்பாத்துகள் குவிந்து கிடந்த கதவடியில் போய் இருந்தார்.